அரிசி பிள்ளையாருக்கு, உமி மருமகனுக்கு

எங்கள் வீட்டில் கீழே பிள்ளையார் இருக்கிறார், மேலே பியர் இருக்கிறது. இரண்டுக்கும் இடையில் ஒரு சீலிங் மட்டும்தான். கோயிலில் சிலர் இதைக் கேட்டுச் சிரித்திருக்கிறார்கள். எனக்கும் இப்போது சிரிப்பு வருகிறது. முதலில் வரவில்லை.

மொன்றியலில் பழைய வீடுகள் பலவும் இப்படித்தான். ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு குடித்தனம். மேல்வீட்டுக்குப் போகத் தெருப்பக்கமாக ஓர் இரும்புப் படி வளைந்து ஏறும். கீழ்வீட்டில் நானும் மனைவியும், மேல்வீட்டில் மகளும் மருமகனும். இரண்டு வீட்டுக்கும் வாசல் வேறு. அந்த வேறு வாசல்தான் என்னை இத்தனை நாளும் காப்பாற்றியது.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். மகள் ஏழு மாதத்தில் பிறந்தவள். அப்போது நான் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். வேலை முடிந்ததும் கூட வேலை செய்த பெடியங்களோடு ஒரு பியர். பிறகு இரண்டு. அதற்குப் பிறகு நான் எண்ணவில்லை. மகளை ஆஸ்பத்திரியில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். என் கையைவிடக் கொஞ்சம் பெரிய பிள்ளை, மூக்கில் குழாய். அந்தக் கண்ணாடிக்கு வெளியே நின்றுதான் நேர்ந்தேன். "பிள்ளையாரே, இவளை எனக்குத் தாரும். அந்தச் சாமானை இனி வாயில் வைக்கமாட்டன். என்ர வாசலுக்குள்ளயும் விடமாட்டன்." அவர் தந்தார். நானும் சொன்ன சொல்லில் நின்றேன்.

அந்தப் பிள்ளைதான் வளர்ந்து, படித்து, வீட்டில் பியர் காய்ச்சுகிற ஒருவரைக் கொண்டுவந்து, "அப்பா, இவரைத்தான் கட்டப்போறன்" என்று சொன்னது.

மருமகன் இந்த நாட்டுப் பிரெஞ்சுக்காரர். சின்னப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறார். நல்ல உயரம், செம்பட்டைத் தாடி. கோயிலுக்கு வேட்டி கட்டிக்கொண்டு வந்தால் என்னைவிட அவருக்குத்தான் வேட்டி இடுப்பில் நிற்கும். தமிழில் சில சொற்களைப் பிடித்து வைத்திருக்கிறார். சரி, நல்லம், முக்கியம், வேணும். எல்லாவற்றிலும் அவருக்குப் பிடித்த சொல் 'பேந்து'; எங்கள் ஊர்ப் பேச்சில் பிறகு என்று அர்த்தம். மனைவி எதைக் கேட்டாலும் நான் "பேந்து செய்யிறன்" என்று சொல்வதைக் கேட்டுக் கேட்டுப் பழகியிருக்கிறார். பனி அள்ளுவதா, பேந்து. சாப்பாடா, பேந்து. போய்வருகிறேன் என்று சொல்வதற்குக்கூட "பேந்து மாமா" என்றுதான் கை காட்டுவார். என்னுடைய பிரெஞ்சும் அந்த அளவுதான். அதனால் எங்களுக்குள் சண்டை வந்ததே இல்லை.

கலியாணம் முடிந்து மேல்வீட்டுக்கு வந்தபோது அவருக்குக் காய்ச்சுவதற்கு இடம் போதவில்லை. பின்பக்கத்துச் சந்தில் எங்கள் கராஜ் சும்மா கிடந்தது. கேட்பதற்குக் கூச்சப்பட்டு மகளை அனுப்பினார்.

"அப்பா, ஈஸ்ட் போடும் வரைக்கும் அது பியர் இல்லை. வெறும் இனிப்புத் தண்ணிதான்" என்றாள் மகள்.

"ஈஸ்டை எங்க போடுறது?"

"மேல எங்கட வீட்டில. காய்ச்சி ஆற வைச்சு, வெளிப்படியால தூக்கிக்கொண்டு போவம். உங்கட வாசலுக்குக் கிட்டவும் வராது."

இரண்டு நாள் யோசித்தேன். ஈஸ்ட் போடாத வரைக்கும் கஞ்சிதானே. கஞ்சிக்கு என்ன தோஷம். சரி என்றேன். அன்றுமுதல் அது எங்கள் வீட்டுச் சட்டமாகிவிட்டது. கராஜில் கஞ்சி, மேலே பியர். மருமகன் ஒருநாளும் அதை மீறவில்லை. ஈஸ்ட் பக்கற்றைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டுகூடக் கராஜுக்குள் வரமாட்டார்.

இனி ஓட்ஸுக்கு வருகிறேன்.

மருமகனின் தகப்பனார், என் சம்பந்தி, ஓட்ஸ் விதைத்தவர். கிழக்கே ஆற்றோரமாக மூன்று மணித்தியாலம் காரில் போனால் அவருடைய காணி. மனைவி காலமான பிறகும் தனியாக நின்று செய்தார். முழங்கால் இரண்டும் கைவிட்ட பிறகு, போன வருஷம் காணியை விற்றுவிட்டு மொன்றியலுக்குப் பக்கத்து லவாலில் ஒரு முதியோர் குடியிருப்புக்கு வந்துவிட்டார். வரும்போது கடைசி அறுவடையில் ஒரு துணிப்பை ஓட்ஸ் மட்டும் கொண்டுவந்தார். அதைக் கொஞ்சநாள் தன்னுடைய அறையில் கட்டிலுக்குக் கீழே வைத்திருந்தாராம். பிறகு மகனிடம் கொடுத்து, "இதை என்னவாவது செய்" என்றாராம். ஏற்கெனவே பேச்சுக் குறைந்த மனுசன். லவாலுக்கு வந்தபிறகு அதுவும் இல்லை. போன் எடுத்தால் "ஓம், இல்லை, சரி" அவ்வளவுதான் என்று மகள் சொன்னாள்.

மருமகன் அந்தப் பையை மடியில் வைத்துக்கொண்டு யோசித்திருக்கிறார். அப்பாவின் ஓட்ஸில் ஒரு பியர் காய்ச்சி, அப்பாவுக்கு முன்னால் கொண்டுபோய் வைக்கவேண்டும். ஓட்ஸின் ருசி வாயில் தெரியவேண்டும். அதுவரைக்கும் அவர் பத்தில் ஒரு பங்குதான் ஓட்ஸ் போடுவார், கூடினால் இரண்டு பங்கு. இந்தமுறை பாதிக்கும் மேலே. காய்ச்சுகிற கூட்டாளிமார் வேண்டாம் என்றார்களாம், பசையாகிவிடும் என்று சொல்லிச் சிரித்தார்களாம்.

ஓட்ஸ் தானாக இனிக்காதாம். முளைவிட்டுக் காயவைத்த பார்லியோடு ஒரு மணித்தியாலம் சுடுதண்ணீரில் கிடந்தால்தான் அதன் மா இனிப்பாக மாறும். பிறகு அந்த இனிப்புத் தண்ணீரை அடியில் உள்ள குழாயால் வடித்து எடுக்கவேண்டும். வடிந்தால் பியர். வடியாவிட்டால் எல்லாம் வீண். இதை அவர் எனக்குக் கையாலும் கண்ணாலும் விளங்கப்படுத்தினார். பை ஒன்றுதான். காணி விற்றாயிற்று. பிழையாகிப்போனால் இன்னொருமுறை செய்யமுடியாது என்பது கை காட்டாமலே எனக்கு விளங்கியது.

ஐப்பசி மாதம், ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம். கராஜில் மருமகன் கையால் சுற்றுகிற ஒரு மெஷினில் ஓட்ஸைப் போட்டு உடைத்து ஒரு வாளியிலும், பார்லியை உடைத்து மற்ற வாளியிலும் நிரப்பினார். தோலோடுதான் உடைத்தார். ஞாயிறு காலமை காய்ச்சுவதாகத் திட்டம். மூடுவதற்கு முன்னால் என்னைக் கூப்பிட்டு, வாளிக்குள் கையை விட்டு அளைந்து காட்டி, முகத்தை வாத்தியார் மாதிரி வைத்துக்கொண்டு சொன்னார்.

"மாமா. பால் முக்கியம்."

"பாலோ?"

"பால் வேணும். முக்கியம்."

"எவ்வளவு தம்பி?"

அவர் இரண்டு கையையும் விரித்து, தனக்குத் தெரிந்த இன்னொரு தமிழ்ச் சொல்லையும் சொன்னார். "எல்லாம்."

எனக்கு விளங்கிவிட்டது என்றுதான் நினைத்தேன். ஓட்ஸுக்குப் பால்தானே. அன்றைக்கே மூலையில் உள்ள டெப்பனர் கடைக்குப் போய், மூன்று பைகளாகக் கட்டி விற்கிற நாலு லீற்றர் பாலை வாங்கிவந்து குளிர்ப்பெட்டியில் வைத்தேன். மனைவி ஏன் என்று கேட்டாள். பியருக்கு என்றேன். ஒரு மாதிரியாகப் பார்த்தாள். இந்த நாட்டில் எதை எதோடு கலப்பார்கள் என்று யாருக்குத் தெரியும்.

சனிக்கிழமை மகளும் மருமகனும் லவாலுக்கு அவருடைய அப்பாவைப் பார்க்கப் போய்விட்டார்கள். மனைவி உள்ளிப்பூண்டு நடுவதற்காக மண்வெட்டி எடுக்கக் கராஜுக்குப் போனவள், வாளியைத் திறந்து பார்த்திருக்கிறாள். கொஞ்சநேரத்தில் அவளுடைய குரல் கேட்டது.

"இஞ்சாருங்கோ, ஒருக்கா வாங்கோ. இதைப் பாருங்கோவன்."

போனேன். அவள் உள்ளங்கையில் ஒரு பிடி ஓட்ஸ் இருந்தது.

"முழுக்க உமி. பாவம், அந்தப் பிள்ளைக்குப் புடைக்கத் தெரியாது போல. உப்பிடியே போட்டால் தொண்டையில குத்தாதே?"

"அவருக்குத் தெரிஞ்சிருக்கும்."

"என்ன தெரியும்? தாயும் இல்லை. ஆர் சொல்லிக் குடுக்கிறது? சம்பந்தி குடிக்கிற சாமான் எல்லே. உமியோடயோ குடுக்கிறது?"

சம்பந்தி என்ற சொல்லுக்கு எங்கள் வீட்டில் பெரிய மரியாதை. பிரெஞ்சில் அப்படி ஒரு சொல் இல்லையாம். மருமகனின் அப்பாவும் மகளின் அப்பாவும் அவர்கள் கணக்கில் ஒருவருக்கொருவர் ஒன்றும் இல்லை. கலியாணத்தன்று கை கொடுத்ததோடு சரி, அந்த மனுசன் எங்கள் வீட்டில் ஒரு நேரம் சாப்பிடவில்லை என்பது மனைவிக்கு ஆறாத குறை. அந்தக் குறையைத் தீர்க்கக் கடவுளாகப் பார்த்து ஒரு வேலை தந்திருக்கிறார் என்றே நினைத்துவிட்டாள்.

சுளகை எடுத்துவந்து கராஜ் வாசலில் குந்தினாள். நான் வாளியிலிருந்து அள்ளிக் கொடுத்தேன். மா பறக்காமல் உமி மட்டும் பறக்கிறமாதிரி மெல்ல மெல்லப் புடைத்தாள். ஓட்ஸ் முடிந்ததும் பார்லியையும் பார்த்தாள். அதிலும் உமி. அதையும் புடைத்தாள். மத்தியானத்துக்கு இரண்டு வாளியும் பச்சரிசிக் குறுணல் மாதிரிச் சுத்தமாக இருந்தன. ஓட்ஸில் ஒரு சுண்டு மட்டும் எடுத்து வைத்தாள், ஒருநாள் கஞ்சி காய்ச்சிப் பார்க்க என்று. உமியை எறியவில்லை. அவள் எதையும் எறியமாட்டாள். குளிருக்குப் போர்வையாக இருக்கட்டும் என்று, நட்ட உள்ளிப் பாத்திமேல் எல்லாவற்றையும் பரப்பிவிட்டாள். பின்னேரம் நல்ல மழை பெய்தது. "பாத்திக்குத் தண்ணி விடுற வேலையும் மிச்சம்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை நான் பூசை முடித்துத் திருநீறோடு கராஜுக்குப் போனேன். மருமகன் அதற்குள் விடியாத இருட்டிலேயே பெரிய கூலர் பெட்டிக்குள் ஓட்ஸையும் பார்லியையும் கொட்டி, சுடுதண்ணீர் விட்டுக் கிண்டி, மூடி, மேலே ஒரு கம்பளியும் போர்த்திவிட்டார். அந்தப் பெட்டிக்கு அடியில்தான் குழாய், உள்ளே வடிக்கிற வலை. ஒரு மணித்தியாலம் இரண்டு பேரும் வாங்குப் பலகையில் இருந்தோம். நல்ல மணம். காலமைக் கஞ்சி மணம்.

நேரம் வந்ததும் குழாயைத் திறந்தார். நூல் மாதிரி ஒரு கோடு வந்தது. மெலிந்தது. நின்றுவிட்டது.

குழாயை மூடித் திறந்தார். வாயை வைத்து ஊதிப் பார்த்தார். மூடியைத் தூக்கிக் கிண்டினார். துடுப்பு நட்டுக்குத்தாக நின்றது. களி. எங்கள் வீட்டு உளுத்தங்களிகூட அவ்வளவு இறுக்கமாக இராது. இன்னும் கொஞ்சம் சுடுதண்ணீர் விட்டார், பொறுத்தார், திறந்தார். இரண்டு துளி விழுந்தது. அவருடைய கழுத்து மெல்ல மெல்லச் சிவந்துவந்தது. வாங்கில் வந்து இருந்தார். முழங்காலில் கையை வைத்துக்கொண்டு அவர் இருந்த இருப்பு அப்படியே அவருடைய அப்பாவின் இருப்பு.

எனக்கு மனம் கேட்கவில்லை. எனக்குத் தெரிந்த உதவி ஒன்றுதான்.

"தம்பி, பால் கொண்டுவாறன்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். முகத்தில் ஒரு வெளிச்சம். "பால்? எங்க?"

ஓடிப்போய் நாலு லீற்றர் பாலையும் கொண்டுவந்து அவருக்கு முன்னால் வைத்தேன். அவர் பாலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு மகளுக்குப் போன் எடுத்தார்.

மகள் வெளிப்படியால் இறங்கிவந்தாள். அவர் பிரெஞ்சில் சொன்னார். அவள் பாலைப் பார்த்தாள். அப்படியே கராஜ் நிலத்தில் இருந்துவிட்டாள். சிரிப்பில் மூச்சு எடுக்க முடியவில்லை அவளுக்கு.

"அப்பா, அது பால் இல்லை. உமி. பிரெஞ்சில உமிக்குத்தான் உப்பிடிச் சொல்லுறது."

நாங்கள் சொல்லுகிற பால் மாதிரி இழுக்காமல், பல்லுக்கும் பாலுக்கும் நடுவில் ஒரு சத்தம். அந்தச் சொல் எனக்கு முதலே தெரிந்த சொல்தான். என்னுடைய அகதி விசாரணையில் மொழிபெயர்ப்பாளர் பலதடவை சொன்னார். அங்கே அதற்குத் துப்பாக்கிக் குண்டு, சன்னம் என்று அர்த்தம். ஆனால் ஓட்ஸ் வாளிக்கு முன்னால் நிற்கிறபோது யாருக்குச் சன்னம் ஞாபகம் வரும்.

"உமி இருந்தால்தான் வடியுமாம் அப்பா. இடையில உமி நிண்டு தண்ணிக்கு வழி விடுமாம். ஓட்ஸ் கூடப் போட்டால் இன்னும் முக்கியமாம். அதைக் கவனமா வைச்சிருங்கோ எண்டுதான் இவர் உங்களுக்குச் சொன்னவர். அது சரி, உமி எங்க?"

நான் மனைவியைப் பார்த்தேன். சத்தம் கேட்டு அவளும் வந்து நின்றாள், கையில் தேநீரோடு. அவள் உள்ளிப் பாத்தியைப் பார்த்தாள். இரவெல்லாம் நனைந்து மண்ணோடு மண்ணாக உமி கிடந்தது.

மகளின் சிரிப்பு நின்றுவிட்டது.

மருமகனுக்கு யாரும் மொழிபெயர்க்கவில்லை. அவரும் பாத்தியைப் பார்த்தார். சுளகையும் பார்த்தார். அவருக்கும் விளங்கிவிட்டது. பிறகு என் மனைவியின் கையிலிருந்த தேநீரை வாங்கிக்கொண்டு, "பரவாயில்லை மாமி" என்று தமிழில் சொன்னார். அந்த இரண்டு சொல்லையும் அவ்வளவு திருத்தமாக அவர் சொன்னதை அதற்கு முன் நான் கேட்டதில்லை. தேநீரோடு சந்துப்பக்கம் போய், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

மனைவி சேலைத்தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். "நல்லதெண்டு நினைச்செல்லே செய்தனான்."

"உமி கடையில விக்கும். ஆனா இண்டைக்கு ஞாயிறு, பூட்டு" என்றாள் மகள். "நாளைக்கு வரைக்கும் வைச்சால் புளிச்சுப்போகுமாம்."

உமி. இந்த ஊரில் ஞாயிற்றுக்கிழமையில் உமிக்கு எங்கே போவது. அப்போதுதான் சுவாமியறைத் தகரப்பேணி ஞாபகத்துக்கு வந்தது.

மகளின் கலியாணத்தில் நிறைகுடத்துக்குக் கீழே பரப்பிய நெல். நெல்லுக்காகவே ரொறன்ரோவில் இருந்து சொல்லி எடுப்பித்தேன், இரண்டு கிலோவுக்கு மேலே இருக்கும். நிறைகுடம் எடுத்தபிறகு அதைக் கொட்ட மனம் வராமல் பேணியில் போட்டுப் பிள்ளையாரின் காலடியில் வைத்திருந்தேன். பேரப்பிள்ளை பிறந்தால் துடக்குக் கழிக்கிற அன்று மறுபடியும் பரப்பலாம் என்று ஒரு எண்ணம். யாருக்கும் சொன்னதில்லை.

சுவாமியறைக்குப் போய் அவருக்கு முன்னால் நின்றேன். கும்பிடத்தான் போனேன், ஆனால் வழக்குப் பேசுகிறவன் மாதிரித்தான் நின்றேன். மங்கலத்துக்கு வைத்த நெல். அதைப் பியருக்குக் கொடுப்பதா. எதை வாசலுக்குள் விடமாட்டேன் என்றேனோ அதற்கு உம்முடைய காலடியில் இருந்து எடுத்துக் கொடுப்பதா. அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஒருநாளும் சொல்வதில்லை. ஆனால் கண்ணாடிப் பெட்டிக்கு வெளியே நான் நின்ற நிலை ஞாபகத்துக்கு வந்தது. ஒரு தகப்பனாகத்தான் அன்றைக்குக் கேட்டேன். இப்போது சந்தில் ஒரு மகன் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறான்.

"அரிசி உமக்கு, உமி மருமகனுக்கு" என்று சொல்லிவிட்டுப் பேணியைத் தூக்கினேன்.

மருமகனின் மெஷினில் நெல்லைப் போட்டு இரண்டுதரம் சுற்றினோம். அரிசி நொறுங்கியது, ஆனால் உமி கழன்றது. மனைவி சுளகோடு குந்தினாள். நேற்று எவ்வளவு கவனமாக உமியைப் போக்கினாளோ, அதைவிடக் கவனமாக இன்றைக்கு உமியைச் சேர்த்தாள். மருமகன் அவளுக்கு முன்னால் ஒரு வெள்ளைத் துணியை விரித்துப் பிடித்தார். ஒரு உமி காற்றில் பறந்தாலும் ஓடிப்போய்ப் பிடித்தார். அவ்வளவு உயரமான மனுசன் சந்தில் உமிக்குப் பின்னால் ஓடுவதைப் பார்த்துப் பக்கத்து வீட்டுப் போர்த்துக்கீசக் கிழவர் வேலியால் எட்டிப்பார்த்தார்.

"என்ன தேடுறீங்கள் எண்டு கேக்கிறார் அப்பா" என்றாள் மகள்.

"பால் எண்டு சொல்லு."

உமியைச் சுடுதண்ணீரில் அலசி, களிக்குள் போட்டு, அடிவரைக்கும் கிண்டி, மூடிவிட்டுப் பொறுத்தோம். மருமகன் குழாய்க்கு முன்னால் முழந்தாளில் இருந்தார். தான் திறக்காமல், என்னைப் பார்த்துத் தலையை அசைத்தார்.

பிள்ளையாரை நினைத்துக்கொண்டு திறந்தேன். முதலில் கலங்கலாக வந்தது. அதைத் திருப்பி மேலே ஊற்றினார். பிறகு தெளிந்தது. நிற்கவில்லை. சுண்டுவிரல் தடிப்பில், தேன் நிறத்தில், பானை நிரம்பும் வரைக்கும் ஓடியது. ஒரு கிளாசில் பிடித்து எனக்கு நீட்டினார். நான் மகளைப் பார்த்தேன்.

"குடியுங்கோ அப்பா. ஈஸ்ட் போடேல்லை."

இளஞ்சூடாக, வழுவழுவென்று, நல்ல இனிப்பு. தொண்டையில் குத்தவில்லை. அன்று பின்னேரம் அந்த நொறுங்கல் அரிசியில் மனைவி பொங்கிப் படைத்தாள். வாங்கிய பாலும் அதில்தான் போனது. பிள்ளையாருக்கு அவ்வளவு பாற்பொங்கல் அதற்கு முன் கிடைத்ததில்லை.

இதோடு முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை.

மார்கழியில், அவர்களுடைய நத்தார்ப் பண்டிகைக்குக் கொஞ்சநாள் முன்னால், மருமகன் அப்பாவை லவாலில் இருந்து கூட்டிவந்தார். முதல்நாள் உறைமழை பெய்து இரும்புப்படி முழுக்கக் கண்ணாடி மாதிரி ஐஸ். சம்பந்தி பொல்லை ஊன்றிக்கொண்டு படியைக் கீழிருந்து மேல்வரைக்கும் ஒருமுறை பார்த்தார். பிறகு தன் முழங்காலைப் பார்த்தார். பியர் மேலே. மனுசன் கீழே. மனுசனை மேலே ஏற்ற முடியாது. பியரைக் கீழே என் வீட்டுக்குள் கொண்டுவர முடியாது.

மருமகன் என்னிடம் கேட்கவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. கேட்டிருந்தால் முடியாது என்று சொல்லியிருப்பேன். அவர் அப்பாவின் காதில் ஏதோ சொல்லிவிட்டுக் காரை நோக்கித் திரும்பினார். போத்தல்களை லவாலுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்று சொன்னாராம். அந்த அறையில், கட்டில் விளிம்பில் இருந்துதான் குடிக்கவேண்டும்.

மனைவி எனக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"கராஜுக்கு நிலை இருக்கோ?"

"என்ன நிலை?"

"கதவு நிலை. இழுத்து மூடுற ஷட்டர்தானே. ஒருநாளாவது அதுக்கு மாவிலை கட்டினீங்களே? சந்தனம் வைச்சீங்களே? நிலை இல்லாதது வாசலே?"

முப்பது வருஷத்துக்கு மேலாக அவளோடு வாழ்கிறேன். அவளுக்கு முன்னால் எந்த வழக்கறிஞரும் நிற்கமாட்டார். பிள்ளையாரே, தீர்ப்பை நீரே பாரும் என்று நினைத்துக்கொண்டு சம்பந்தியின் முழங்கையைப் பிடித்தேன். "முசியே, வாங்கோ" என்றேன். பாதி பிரெஞ்சு, பாதி தமிழ். அவர் வந்தார்.

கராஜில் ஹீற்றரைப் போட்டு, வாங்குக்கு மேலே கம்பளியை விரித்தோம். மருமகன் மேலே ஓடிப்போய்ப் போத்தல்களோடு வந்தார். மனைவி எடுத்து வைத்திருந்த ஒரு சுண்டு ஓட்ஸில் கஞ்சி காய்ச்சிப் பால் விட்டுக் கொண்டுவந்தாள். சம்பந்திக்கு ஒரு கிளாசில் பியர், எனக்கு ஒரு கிளாசில் கஞ்சி. இரண்டும் ஒரே நிலத்து ஓட்ஸ், இரண்டும் ஏறக்குறைய ஒரே நிறம். அவர் என் கிளாசைப் பார்த்தார், நான் அவருடையதைப் பார்த்தேன். முட்டினோம்.

அவர் ஒரு மிடறு குடித்தார். வாயிலேயே வைத்திருந்தார். மருமகன் அவருடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். விழுங்கினார். இன்னொரு மிடறு. பிறகு ஒரு வசனம் சொன்னார்.

மகள் மொழிபெயர்த்தாள். "ஓட்ஸ் கொஞ்சம் கூடிப்போச்சாம்."

சொல்லிவிட்டு வெறும் கிளாசை மகனிடம் நீட்டினார், இன்னும் விடச் சொல்லி. மருமகன் தாடிக்குள்ளால் சிரித்த சிரிப்பு இன்னும் என் கண்ணில் நிற்கிறது. பிறகு சம்பந்தி என் கஞ்சியைக் காட்டினார். மனைவி அவருக்கும் ஒரு கோப்பை கொடுத்தாள். அதையும் குடித்தார். உமிக் கதையை மகள் சொன்னபோது அவருடைய வயிறு குலுங்கியது, சத்தம் வரவில்லை. பாலைப் பற்றிச் சொன்ன இடத்தில் என் தோளில் ஒரு தட்டுத் தட்டினார். நல்ல பாரமான கை.

பனி கரைந்து, வைகாசி பிறந்து, உள்ளி ஒரு சாண் வளர்ந்திருந்தது. பாத்தியில் களை பிடுங்கப்போன மனைவி நடுவில் கையை நிறுத்திவிட்டாள். உள்ளிக்கு இடையிடையே மெல்லிய பச்சையில் வேறு ஏதோ புல். இங்கொன்று அங்கொன்றாகப் பத்துப் பன்னிரண்டு. மருமகன் குந்திப் பார்த்துவிட்டு அப்படியே இருந்துவிட்டார். மெஷினில் உடையாமல் தப்பி, உமியோடு பறந்துபோன ஓட்ஸ் மணிகள்.

அடுத்த ஞாயிறு சம்பந்தி வந்தார். படி ஏறத் தேவையில்லை, நேராகப் பாத்திக்கே கூட்டிப்போனோம். பொல்லை என்னிடம் தந்துவிட்டு, என் தோளைப் பிடித்துக்கொண்டு மெல்லக் குனிந்தார். ஓட்ஸ் தாள் ஒன்றை இரண்டு விரலுக்குள் வைத்து உருட்டிப் பார்த்தார். நிமிர்ந்து ஏதோ சொன்னார்.

"உள்ளிக்கு இடைஞ்சலாம். பிடுங்கச் சொல்லுறார்" என்றாள் மகள். அவளுடைய குரல் கொஞ்சம் இறங்கிவிட்டது.

மனைவி அவரைப் பார்த்தாள். பாத்தியைப் பார்த்தாள். கையில் இருந்த மண்ணைத் தட்டினாள்.

"பேந்து பிடுங்குவம்" என்றாள்.

மகள் மொழிபெயர்க்க வாயைத் திறந்தாள். சம்பந்தி கையைக் காட்டி நிறுத்தினார். அந்தச் சொல் தனக்குத் தெரியும் என்றார், மகன் போனை வைக்கும்போதெல்லாம் அதைத்தான் சொல்கிறானாம். பிறகு பாத்தியைப் பார்த்துத் தானும் ஒருமுறை சொல்லிப் பார்த்தார்.

"பேந்து."